பாலிபேக்குக்குள் ஒரு கறவை மாடு

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும், குழந்தைகளை எப்படி வாசிக்க வைப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் கடைசியாக முழுசாக வாசித்தது தங்கள் கல்யாணப் பத்திரிகையாகத்தான் இருக்கும். அந்தப் பேச்சு கிளம்பினாலே நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். ஒரு கோடை முழுக்க அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்தவள் நான். அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். ஆங்கிலம் பி.ஏ. முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளாக இருந்தேன். தினமும் மங்கலத்திலிருந்து டவுன்பஸ் ஏறி வருவேன். வெளிநாட்டுக்கு மெயில் அடிப்பது, சாம்பிள் துணிக்குப் பின்னால் ஓடுவது, சரக்கு வாங்குகிற பையர் வந்தால் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பது, இவைதான் வேலை. முதலாளிக்கும் ஆங்கிலம் தெரியும் என்பது முதலாளியின் எண்ணம்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை பையர் அம்மா வந்திருந்தாள். பையரே ஒரு பெண் என்பதால் எங்களுக்கு அவள் பையர் அம்மா. ஐரோப்பாக்காரி. நரைத்த முடியைக் கத்தரித்து, தோளில் கதர்ப்பை மாட்டியிருப்பாள். நம் ஊர் ஏழைகளைப் பார்த்தால் அவளுக்குத் தலை தானாக ஒரு பக்கம் சாயும். செக்கிங் பகுதி வழியாக நடந்தவள் சட்டென்று குனிந்தாள். மேசைக்கு அடியில் ஒரு சிறுமி உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். நூல் பிசிறைக் கத்தரிக்கிற அந்த வேலைக்குச் சின்ன விரல்கள் வசதி. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டி வருவதும், அவர்கள் கையில் கத்தரி ஏறிவிடுவதும் எல்லாக் கம்பெனியிலும் நடந்தது.

பையர் அம்மாவின் முகம் மாறியது. கோடை விடுமுறையில் இந்தக் குழந்தைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"ரீடிங் மேடம். சம்மர் புல்லா ரீடிங். வீ ஆர் ஓப்பனிங் ரீடிங் ரூம்."

அப்படி ஒரு யோசனை அதற்கு முந்தின நிமிடம் வரை இந்த உலகத்தில் இல்லை. பையர் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். விடுமுறையின்போது தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். திருப்பூரில் ஒரு வாசகசாலை பிறந்தது இப்படித்தான்.

சித்திரையில் பள்ளிக்கூடம் விட்டதும், அட்டைப்பெட்டி அடுக்கி வைக்கிற அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். சுவரில் பெரிய பேனர் கட்டினார்கள். அதில் முதலாளியின் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. புத்தகத்தின் படம் ஒரு மூலையில், சோப்புக்கட்டி அளவுக்கு இருந்தது. பிள்ளைகளை உட்கார்த்தி வாசிக்க வைப்பது என் பொறுப்பு, புத்தகம் வாங்குவது மேனேஜருடையது. அவர் கோயமுத்தூர் போய், கடைக்காரன் தள்ளிவிடக் காத்திருந்த மொத்தத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கிப் பார்த்தேன். வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படி, வீட்டு வாசற்படியை எந்தத் திசையில் வைப்பது, ஊறுகாய் போடும் முறைகள், குரூப் நான்கு தேர்வுக்கான பொது அறிவு. குழந்தைகளுக்கானவை என்று மேலாக நாலைந்து கிடந்தன. அவையும் கடைக்காரன் இரக்கப்பட்டுப் போட்டவையாக இருக்கும்.

"சின்னப் புள்ளைங்களுக்குங்களா இது?" என்றேன் மேனேஜரிடம்.

"அதுக்கென்னுங்க அம்மிணி, எல்லாத்துலயும் எழுத்துத்தான இருக்குது" என்றார் அவர். பதில் சொல்லிவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

அடுத்த நாள் காலையில் நான் அறைக்குள் போனபோது புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் பளபளவென்று அடுக்கியிருந்தன. கிட்டப் போய்த் தொட்டேன். கை வழுக்கியது. ஒவ்வொரு புத்தகத்தையும் பாலிபேக்கில் போட்டு, வாயை மடித்து, டேப் ஒட்டியிருந்தார்கள். பனியன் பேக்கிங்குக்கு வைத்திருந்த பைகள்தான் அவை. சிலவற்றின் மேல் சைஸ் ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை. ஊறுகாய்ப் புத்தகம் மீடியம். வாஸ்து எக்ஸ்எல்.

"இதென்னுங்க இது?" என்றேன்.

"பையர் வந்து பாக்கறப்ப புதுசா இருக்கோணுமல்லங்க. புள்ளைங்க கையில எண்ணெய் இருக்கும், முறுக்குத் தின்ன கையாட்டம் இருக்கும். அவங்க வந்து போறமுட்டும் யாரும் பிரிக்க வேண்டாமுன்னு மொதலாளி சொல்லீட்டாரு."

"அப்பறம் புள்ளைங்க எதைப் படிக்கறதுங்க?"

"அட்டையைப் பாக்கட்டுங்க. ஒரு வாரத்துல அவங்க வந்துருவாங்க."

அந்த வாரத்தில் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவள் ஊரில் ஏதோ பண்டிகை, பிறகு விமானச் சிக்கல், பிறகு வங்கதேசத்தில் வேறு வேலை. ஒவ்வொரு முறையும் மெயிலைப் படித்து முதலாளியிடம் சொல்வது நான்தான். நாட்கள் ஓடின. வெயில் ஏறியது. நான் தினமும் காலை முழுக்க, தலைக்கு மேல் முதலாளியின் படத்தோடு, பிரிக்கக் கூடாத புத்தகங்களுக்கும் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கும் காவல் இருந்தேன்.

பிள்ளைகள் பெரும்பாலும் தெற்கத்திக்காரர்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருந்தவர்களின் பிள்ளைகள். முதல் சில நாட்கள் பாலிபேக்கை நசுக்கிச் சத்தம் எழுப்பி விளையாடினார்கள். அது சலித்ததும் அட்டையில் இருந்த பெயர்களை எழுத்துக் கூட்டினார்கள். வா... ஸ்... து. அதுவும் சலித்தது. ஒரு பயல் சுவரில் சாய்ந்து தூங்கவே ஆரம்பித்துவிட்டான். அந்த அறையில் அதைவிட அறிவுள்ள காரியத்தை நானும் செய்யவில்லை.

அவர்களில் ஒரு சிறுமி, மூன்றாம் வகுப்பு முடித்தவள், ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லரம்மாவின் மகள். எண்ணெய் தேய்த்து வழித்து வாரிய தலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. மாசி மாதம் மேசைக்கு அடியில் பையர் அம்மா பார்த்தது இவளைத்தான். அவள் தினமும் ஒரே புத்தகத்தைத்தான் எடுப்பாள். அட்டையில் சிவப்பு மாடு ஒன்று பக்கவாட்டில் திரும்பி நிற்கும். ஓரத்தில் ஒரு பெண்ணின் கை மட்டும் வாளியோடு தெரியும். ஆள் கிடையாது. படத்தை அந்த இடத்தில் வெட்டியிருந்தார்கள். மேலே "கறவை மாடு வளர்ப்பு" என்று போட்டிருந்தது.

"எக்கா, இந்தக் கை யாருதுக்கா?" என்று கேட்டாள்.

"தெரியல கண்ணு. உள்ள போட்டிருக்கும்."

"அவ நல்லவ இல்லக்கா. மாடு மொகத்தப் பாருங்க, திரும்பிக்கிட்டு நிக்கி."

அன்று ஆரம்பித்தது. அந்தக் கைக்காரிக்குப் பயந்து மாடு ஊரை விட்டுக் கிளம்பிவிட்டது. தூத்துக்குடியில் பஸ் ஏறியது. கண்டக்டர் மாட்டுக்கு டிக்கெட் போட மாட்டேன் என்றார். மாடு அழுதது, அவர் பின்படியில் நின்றுகொள்ளச் சொன்னார். திருப்பூரில் இறங்கி வேலை கேட்டது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சொல்வாள். மற்ற பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். மாட்டுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதில் இரண்டு நாள் சண்டை நடந்தது. குளம்பை வைத்துக்கொண்டு தைக்க முடியாது என்றான் ஒருவன். கடைசியில் பேக்கிங்கில் சேர்த்தார்கள். நாக்கால் நக்கி நக்கி டேப் ஒட்டியது மாடு. ஓவர்டைம் பார்த்தது. சூப்பர்வைசர் திட்டியபோது அவர் சட்டையைத் தின்றது.

தூங்கிக்கொண்டிருந்த பயல் விழித்துக்கொண்டான்.

நான் முதலாளியிடம் போனேன். பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள், நாலு புத்தகத்தையாவது பிரித்துக் கொடுக்கலாமே என்றேன். அவர் போனில் நூல் விலை பேசிக்கொண்டிருந்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்.

"படிக்கறதுக்கு என்னம்மா அவசரம்? வருசம் பூரா ஸ்கூல்ல படிக்குதுங்கல்ல. லீவுலயாச்சு நிம்மதியா உக்காந்திருக்கட்டும்."

அந்தப் பேனருக்கு அடியில் இதை எழுதிப் போட்டிருக்கலாம்.

கோபத்தோடு திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, மாட்டுப் புத்தகத்தின் டேப்பில் நகத்தை வைத்தேன். சிறுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்க்கா. மாடு இப்பந்தான் வீடு பிடிச்சிருக்கு. நீங்க பிரிச்சா அது வேற என்னமும் ஆயிரும்."

சரி என்று வைத்துவிட்டேன். வாசிப்பை ஊக்குவிக்க ஒரு கம்பெனியே முனைந்து செய்த ஏற்பாட்டின் நிலைமை இது. வாசிக்கிறவளே புத்தகத்தைத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சும்படி ஆகிவிட்டது.

பள்ளிக்கூடம் திறக்கச் சில நாட்களே இருந்தபோது பையர் அம்மா வந்தாள். அன்று விடிந்ததிலிருந்து ஒரே அமளி. பேக்கிங் ஆட்கள் நாலு பேர் வந்து பாலிபேக்குகளைக் கிழித்தெறிந்தார்கள். கொஞ்சம் வாசித்த மாதிரி தெரியட்டும் என்று மேனேஜர் ஒவ்வொரு புத்தகத்தையும் நடுவில் விரித்து முதுகை அமுக்கி அமுக்கி வைத்தார். பிள்ளைகளுக்குக் கம்பெனி பனியன் மாட்டிவிட்டார்கள். பையர் மறுத்து ஒதுக்கிய சரக்கு அது. இடது கைகளில் தையல் கோணியிருந்தது.

பையர் அம்மா கதர்ப்பையோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முதலாளியும் உட்கார வேண்டியதாயிற்று. பேன்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கிய காட்சியைப் பார்க்கவே அந்தக் கோடை முழுக்கக் காத்திருந்தது தகும் என்று தோன்றியது. அவள் பிள்ளைகளின் தலையைத் தடவினாள். அதே கையால்தான் பிற்பகலில் ஒரு பனியனுக்கு எவ்வளவு குறைக்கலாம் என்று கால்குலேட்டரைத் தட்டப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் சிறுமியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மேசைக்கு அடியில் பார்த்தபோது அவள் நெஞ்சு உருகியது உண்மைதான். முகத்தை மட்டும் பார்த்து வைக்கவில்லை போலிருக்கிறது.

உனக்குப் பிடித்த புத்தகம் எது என்று சிறுமியிடம் கேட்டாள். நான் தமிழில் சொன்னேன். சிறுமி மாட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"அதிலிருந்து கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொல்" என்றாள் பையர் அம்மா.

சிறுமி என்னைப் பார்த்தாள். பிறகு மேனேஜர் அமுக்கி வைத்திருந்த இடத்திலேயே புத்தகத்தைத் திறந்தாள். எழுத்து எழுத்தாகக் கூட்டி உரக்க வாசித்தாள்.

"மடி வீக்க நோய். மடி... வீங்கி... கல் போல் இறுகிவிடும். மாடு... வலியால்... பால் கறக்க விடாமல்... உதைக்கும்."

நிறுத்தினாள். கண் அந்த வரியிலேயே நின்றது. அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "உடனே... கவனிக்காவிட்டால்..."

"போதும் போதும் கண்ணு, சூப்பர்" என்று முதலாளி கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

பையர் அம்மா என் பக்கம் திரும்பினாள். என்ன கதை என்று கேட்டாள். முதலாளி கண்ணாலேயே ஏதோ ஜாடை காட்டினார். பசு, கன்று, தாயன்பு என்று எதையாவது அளந்துவிட்டிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. பசுவின் மடி வீங்கிக் கல்லாகிவிடும், வலியில் உதைக்கும் என்று இருந்ததை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

முதலாளி முகத்தில் வியர்வை பூத்தது. பையர் அம்மாவின் கண்கள் கலங்கின. வாழ்க்கைக்கு எவ்வளவு நெருக்கமான இலக்கியம் என்றாள். தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்குத் துன்பத்தைப் பற்றி யாரும் இப்படிக் கதை சொல்வதில்லை என்றாள். சிறுமியைத் தோளோடு அணைத்து, புத்தகத்தை விரித்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டாள். அவளை ஏமாற்ற முதலாளி அத்தனை சிரமப்பட்டிருக்கவே வேண்டாம்.

மறுநாள் நான் போனபோது அறையில் அட்டைப்பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. அலமாரியை மூலைக்குத் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். வழக்கம்போல வந்த பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். சிறுமி மட்டும் போகவில்லை.

"எக்கா, மாட்டுக்கு அந்த வீக்கம் வடிஞ்சுதா?"

"தெரியல கண்ணு."

"கவனிக்காவிட்டால்னு போட்டிருந்துதுல்லா. கவனிச்சாவளா இல்லையா?"

அவள் அதே கேள்வியோடு அம்மாவிடம் போயிருக்கிறாள். வீட்டில் சோறு இறங்கவில்லை போலிருக்கிறது. அடுத்த நாள் டீ இடைவேளையில் டெய்லரம்மா நேராக மேனேஜர் மேசைக்கு வந்தார். ஒல்லியான பெண். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"அந்த மாட்டு புஸ்தகத்தத் தாங்க. பிள்ள கேக்கா."

"அதெல்லாம் உள்ள வெச்சுப் பூட்டியாச்சுங்க. அடுத்த வருசம் வேணுமல்ல."

"படிச்சிட்டுத் தந்துருவா."

"அதெப்படீங்க ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. அது கம்பெனி புஸ்தகம்."

டெய்லரம்மா குரலை உயர்த்தவில்லை.

"எம் பிள்ளையப் படம் புடிச்சியளே, என்னைய ஒரு வார்த்த கேட்டியளா? அவ என்ன கம்பெனி பிள்ளையா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். டெய்லரம்மா கையை நீட்டி மேசை மேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்தார். அறைக்குப் போனார். அட்டைப்பெட்டி நகர்த்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, சாவியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, புத்தகத்தைச் சாப்பாட்டுக் கூடைக்குள் செருகிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டார். ஷிப்மென்ட் நெருக்கிக்கொண்டிருந்தது. ஓவர்லாக்கில் அவருடைய வேகத்துக்கு வேறு ஆள் கிடையாது. மேனேஜருக்கு அது தெரியும். அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார்.

சில நாள் கழித்து டீக்கடையில் பார்த்தபோது டெய்லரம்மா அலுத்துக்கொண்டார்.

"ஏம்மா, அதுல கத ஒண்ணும் இல்லையாமே. ஆனா வுட மாட்டேங்கா. மாட்டுக்குச் சொகமாயிட்டாம். இப்பம் சென மாட்டுக்குப் புண்ணாக்கு எம்புட்டு வைக்கணும்னு வாசிக்கா. லைன் வீட்டுப் பிள்ளைய எல்லாம் எங்க வாசல்லதான் கெடக்கு. கன்னு பொறக்குதது இன்னும் வரலயாம். அது வாறதுக்குள்ள யாரும் ஊருக்குப் போகப்பிடாதுன்னு சொல்லிப்போட்டா."

மழைக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வழவழவென்று ஒரு புத்தகம் வந்தது. பையர் கம்பெனி தன் பெருமைகளைத் தானே அச்சடித்துக்கொண்டது. நடுப்பக்கத்தில் சிறுமியின் படம். இந்தக் குழந்தைக்கு வாசிப்பைப் பரிசளித்தோம் என்று கீழே போட்டிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம கம்பெனி பேரு போட்டிருக்குதா பாரு."

"இல்லீங்க."

"எங்கயுமே இல்லியா?"

"இல்லீங்க. அந்தப் புள்ள பேரும் இல்லீங்க."

"அது எதுக்கு" என்றார். புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினார். ரீடிங் ரூமுக்கு எவ்வளவு செலவு ஆனது என்று அன்று மாலை வரை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். அடுத்த கோடைக்குள் அந்தப் பையர் வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். அங்கே இன்னும் மலிவு. எனவே அறைக்குப் பேனரும் தேவைப்படவில்லை, பிள்ளைகளும் தேவைப்படவில்லை. விடுமுறை விட்டதும் கத்தரிகள் பழையபடி சின்னக் கைகளுக்குப் போயின.

டெய்லரம்மா மட்டும் மகளைக் கம்பெனிக்குக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் வேறு யூனிட்டில் நல்ல கூலி கிடைத்துக் குடும்பத்தோடு போனார்கள். போகிற அன்று சிறுமி என்னிடம் வந்து மாட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். அட்டை பிய்ந்து, மஞ்சள் கறையோடு, பக்கங்கள் உப்பிப் போயிருந்தன.

"யாரும் கேக்கல கண்ணு" என்றேன். "முடிச்சிட்டியா?"

"ரெண்டு தடவ ஆச்சு. இதே மாதிரி ஆட்டுக்குப் போட்டிருக்காவளாக்கா?"

இருக்கும், பார்க்கிறேன் என்றேன். அலமாரியில் தேடினேன். ஆடு இல்லை. கோழி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனபோது அவர்கள் சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிறுமி அதை வாங்கிக்கொண்டாள், அட்டையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. டெம்போவின் பின்னால் சுருட்டி வைத்த மெத்தை மேல் ஏறி உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்துகொண்டாள். வண்டி கிளம்பியபோது அவள் அம்மாதான் எனக்குக் கையசைத்தார்.